எல்லாருக்கும் நிம்மதியாக இருந்த வாரங்கள்

விடுப்பு முடிந்து தபாலம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்த புதன்கிழமை காலையில், எதிரே வந்த ஒவ்வொருவரும் அவருக்கு நல்ல செய்தியே சொன்னார்கள்.

முதலில் வாசல் காவலாளி. "உங்க இடி ஓஞ்சுபோச்சும்மா. இப்பல்லாம் எனக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் உள்ள போகுது."

அடுத்து விளையாட்டு மாஸ்டர். முழங்கைக்குக் கீழே பல் பதிந்த இடத்தைத் திருப்பிக் காட்டினார். தழும்பு மங்கியிருந்தது. "அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டுச்சு மேடம். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

மாடிப்படியில் பிடித்துக்கொண்டவர் கணக்கு டீச்சர். அவர்தான் அந்தப் பெண்ணின் வகுப்பாசிரியை. "முதல் பெஞ்ச்சுல உட்கார்றா. தன்னோட கலர் பென்சில் பெட்டியையே பக்கத்துல இருக்கற பொண்ணுக்குக் குடுத்துட்டா, பாருங்களேன். யாரையும் தொட விடாத பெட்டி அது. நீங்க இல்லாமலே சரியாயிட்டா!"

தபாலம்மாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் மாடி ஏறி முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு எங்கோ நழுவிவிட்டது. கலர் பென்சிலைக் கொடுத்துவிட்டாளா?

தபாலம்மா என்பது ஆசிரியர்கள் அவருக்கு வைத்த பெயர். ஊரில் ஒரு மனநல மருத்துவமனை இருந்தது. மனசு நிலைகொள்ளாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் பள்ளிகளும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே போய்வருவதுதான் அவருடைய வேலை. பெயர் என்னவோ பெரிசு, ஒருங்கிணைப்பாளர். நாற்காலி மட்டும் எங்கேயும் கிடையாது. மருத்துவமனையில் மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மேசை, பள்ளிகளில் ஆசிரியர் அறையின் ஓரம், அவ்வளவுதான்.

முன்பு அதே மருத்துவமனையில் வெளிநோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வேலையில் இருந்தார். தன் முறை வருவதற்குள் எழுந்து போய்விடுகிறவர்கள் யார் என்று கவனிக்கும் பழக்கம் அங்கேயே அவருக்கு வந்துவிட்டது. பின்னாலேயே தெருமுனை வரை போய், "என்னங்க, அவசர வேலையா? கொஞ்சம் இருந்துட்டுப் போங்களேன்" என்று கூட்டிவந்து உட்கார வைப்பார். அதைப் பார்த்துத்தான் டாக்டர் அவரைப் புது வேலைக்கு மாற்றினார்.

வெளியிலிருந்து பார்த்தால் சுலபமான வேலை. டாக்டர் மாத்திரையை மாற்றினால், காலையில் பிள்ளை தூங்கி விழுவது திமிரால் அல்ல என்று பள்ளியில் சொல்ல வேண்டும். பள்ளியில் பிள்ளை மேசையைக் கவிழ்த்தால், அதற்கு முந்தின பாடவேளையில் என்ன நடந்தது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். பள்ளிக்காரர்களுக்கு மருத்துவமனை ஒரு பட்டறை. பழுதான பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் சரிசெய்து அனுப்ப வேண்டும். மருத்துவமனைக்காரர்களுக்குப் பள்ளிக்கூடம் வெறும் இரைச்சல். இரண்டு பேரும் எடுத்ததற்கெல்லாம் அவர் மேல் எரிந்து விழுவார்கள். அவர் ஒருத்தரின் கோபத்தை வடிகட்டி, மிச்சத்தை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

அவருடைய கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். "உனக்கும் எனக்கும் ஒரே பொழப்புதான். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்கறது. எனக்காவது ஸ்பேனர் இருக்கு" என்று கிண்டல் செய்வார்.

இடி என்று எல்லாரும் சொன்ன பெண் ஒன்பதாம் வகுப்பு. அம்மா பிரிந்துபோய் வேறொரு ஊரில் இருந்தாள். அப்பா லாரி ஓட்டுபவர். வீட்டில் இருக்கும் நாள் குறைவு. வளர்த்தது அத்தை. வகுப்பில் யாராவது அவள் பின்னால் நின்று சிரித்தால் போதும், நாற்காலி பறக்கும். ஒரு தடவை ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். விலக்க வந்த விளையாட்டு மாஸ்டரைக் கடித்தாள். தலைமையாசிரியை, சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது என்று முடிவே செய்துவிட்டார்.

தபாலம்மா விடவில்லை. ஒரு வாரம் முழுக்கத் தலைமையாசிரியையின் அறை வாசலிலேயே பழியாகக் கிடந்து ஓர் ஏற்பாட்டுக்குச் சம்மதம் வாங்கினார். உள்ளே கொதிக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பெண் பேனாவை மேசைமேல் குறுக்கே வைப்பாள். டீச்சர் எதுவும் கேட்காமல் தலையாட்டுவார். அவள் எழுந்து நூலகத்துக்குப் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்து படம் வரைவாள். புதன்கிழமைதோறும் காலை இடைவேளையில் தபாலம்மாவோடு மருத்துவமனைக்குப் போவாள்.

மெல்ல மெல்லப் பலன் தெரிந்தது. கத்தல் நிற்கவில்லை, குறைந்தது. பேருந்தில் போகும்போது அவள் வாய் ஓயாது. "நீங்க யார் கட்சி? ஸ்கூல் கட்சியா, ஆஸ்பத்திரி கட்சியா? ரெண்டு பக்கமும் வேவு பாக்கறீங்களா?" என்பாள். "உன் கட்சிதான்" என்றால், "ஐயே, பொய்யப் பாரு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். திரும்பின முகத்தில் சிரிப்பு இருக்கும்.

அப்போதுதான் தபாலம்மாவின் கணவர் வேலைசெய்த இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நடந்தது. அவரைத் தூக்கி உட்கார வைக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. தபாலம்மா பள்ளியிலும் சொன்னார், மருத்துவமனையிலும் சொன்னார். தன் இடத்துக்கு யாரையாவது போடுங்கள் என்று மேலிடத்திலும் கேட்டார். "பார்க்கலாம்" என்றார்கள். யாரையும் போடவில்லை.

அப்படிப் போனவர் இன்றுதான் திரும்பியிருந்தார்.

மாடி நடையில் அந்தப் பெண்ணே எதிரில் வந்தாள். தலையைப் படிய வாரி இறுக்கிப் பின்னியிருந்தாள். சட்டைப் பித்தான் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

"அக்கா, வந்துட்டீங்களா? மாமாவுக்கு இப்போ எப்படி இருக்கு?"

அவள் இதுவரை அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. "ஹலோ, வேவு" என்றுதான் ஆரம்பிப்பாள்.

"பரவாயில்ல. கம்பை ஊனிட்டு நடக்கறாரு. நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன்." அவள் முகத்தில் சிரிப்பு அசையாமல் இருந்தது. "நீங்க எனக்காக ரொம்ப அலைஞ்சிருக்கீங்க. நான் ஒரு தடவகூடச் சொன்னதில்ல. தேங்க்ஸ்."

"இப்போ எதுக்கு அதெல்லாம்?"

"சும்மாதான். சொல்லிடணும்னு தோணுச்சு."

ஊரைவிட்டுப் புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய் விடைபெறும்போது பேசுகிற மாதிரி இருந்தது அந்தப் பேச்சு.

"இன்னிக்குப் புதன்தானே? நானும் கூட வரேன், இரு."

"வேண்டாம்க்கா. எனக்கு வழி பழகிடுச்சு. ஹெட்மேடம் உங்களக் கேட்டுட்டே இருந்தாங்க, பாத்துட்டு வாங்க."

"பாத்துட்டு வரேன். நான் வர்ற வரைக்கும் கிளாஸ்லயே இரு. சேர்ந்து போலாம்."

"சரிக்கா" என்றாள் அவள்.

தலைமையாசிரியை உற்சாகமாக இருந்தார். தேநீர் வரவழைத்தார். மற்ற பள்ளிகளிலிருந்து ஆசிரியர்களைக் கூப்பிட்டு இந்த ஏற்பாட்டைக் காட்ட வேண்டும் என்றார். "புதன்கிழமை தவறாம ஆஸ்பத்திரிக்குப் போறா. தனியாவே போயிட்டு, மத்தியானம் கரெக்டா திரும்பி வந்துடறா. நான்தான் முன்னாடி அவசரப்பட்டுட்டேன், ஒத்துக்கறேன்."

"தனியாவா?"

"ஆமா. நீங்க இல்லையே. டாக்டரே அப்படி வரச் சொன்னதாச் சொன்னா."

தபாலம்மா அங்கேயே உட்கார்ந்தபடி டாக்டருக்குப் போன் செய்தார்.

"அவளா?" என்றார் டாக்டர். "நீங்க லீவுல போனதுலேர்ந்து அவ வரவே இல்லையே."

"வரலையா?"

"பள்ளிக்கூடத்துலயே தினம் ஒருத்தர் உட்கார வச்சுப் பேசறாங்களாம். நல்ல மாற்றம் தெரியுது, கொஞ்ச நாள் இப்படியே போகட்டும்னு அவங்க அத்தை போன் பண்ணாங்க. எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு."

"டாக்டர், இங்க அப்படி யாருமே இல்ல."

டாக்டரின் குரல் மாறிவிட்டிருந்தது. "அவ இப்போ எங்க இருக்கா?"

தபாலம்மா ஓடினார். வகுப்பில் முதல் பெஞ்ச்சில் அவள் இடம் காலி. மணி அடித்ததுமே வழக்கம்போலப் போய்விட்டாள் என்றார் கணக்கு டீச்சர். காவலாளி, "இப்பதாம்மா போச்சு. என்கிட்டகூடச் சொல்லிட்டுத்தான் போச்சு" என்றார்.

"என்ன சொன்னா?"

"உடம்பப் பாத்துக்கங்கன்னு."

படியிலேயே நின்று அத்தைக்குப் போன் செய்தார். அத்தை வீட்டிலேயே துணி தைப்பவர். எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. "மாத்திரை வேண்டாம்னு டாக்டரே நிறுத்திட்டதாச் சொன்னாளே! பள்ளிக்கூடத்துல தினம் பேசறாங்கன்னும் அவதான் சொன்னா. டாக்டருக்குச் சொல்லிடுங்க அத்தைன்னா, சொன்னேன். வீடு எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா? பாத்திரம்லாம் தேய்ச்சு வைக்கறா. என்னம்மா ஆச்சு?" எந்திரச் சத்தம் நின்றது. "என்ன ஆச்சுன்னு சொல்லுங்க!"

மூன்று இடத்துக்கும் ஒவ்வொரு பொய். அந்தந்த இடத்தில் இருந்தவர்களுக்கு, மற்ற இடத்தில் யாரோ பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நிம்மதி. மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற ஒருத்தர், வீட்டில் கணவருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தார்.

தபாலம்மா வகுப்புக்குத் திரும்பிப்போனார். கலர் பென்சில் பெட்டி வாங்கிய சிறுமி மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பெட்டியை மடியில் வைத்திருந்தாள், திறக்கவில்லை. தபாலம்மா பெஞ்ச் அருகே குந்தி உட்கார்ந்தார்.

"கண்ணு, அவ புதன்கிழமையில எங்க போறா?"

சிறுமி தலையை அசைத்தாள். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அந்தச் சத்தியத்த என் தலையில போடு. உனக்கு ஒண்ணும் ஆகாது. அவளுக்கு எதுவும் ஆயிடக் கூடாது, அதுக்குத்தான் கேக்கறேன்."

சிறுமி பெட்டியை மேசைமேல் வைத்தாள். "ஏரிக்கரைக்கு. அங்க உட்கார்ந்து வரைவா. இன்னிக்கு என்ன வரைவன்னு கேட்டேன். இனிமே வரைய மாட்டேன், பென்சில்லாம் உனக்குத்தான்னுட்டா."

தபாலம்மாவும் கணக்கு டீச்சரும் சாலைக்கு ஓடி ஒரு வாடகைக் காரை நிறுத்தினார்கள். வழியெல்லாம் டீச்சர் புலம்பிக்கொண்டே வந்தார். "நான் பாராட்டினேன் மேடம். எல்லார் முன்னாடியும் எழுந்து நிக்க வச்சுக் கை தட்டச் சொன்னேன்." தபாலம்மா போனில் டாக்டரிடம் இடத்தைச் சொல்லிவிட்டுச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றது. முன்னால் போன குப்பை லாரி நகர்வேனா என்றது. ஓட்டுநர் ஏதோ பாட்டைப் போட்டார். டீச்சர் கையை நீட்டி நிறுத்தினார்.

ஊரின் குடிதண்ணீர் ஏரி அது. சுற்றிலும் கம்பிவேலி. ஓரிடத்தில் ஆள் நுழைகிற அளவுக்குக் கம்பி வளைந்திருந்தது. உள்ளே கற்படிகள் இறங்கின. வெயில் ஏறியும் தண்ணீர் கறுப்பாகத்தான் கிடந்தது. காற்றே இல்லை. முதலில் ஒன்றும் கண்ணில் படவில்லை.

பிறகு, படிகளின் கோடியில் சீருடையின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள். பை இல்லை, காகிதம் இல்லை. இரண்டு கையும் மடியில்.

"நீங்க இங்கயே இருங்க" என்று டீச்சரிடம் கிசுகிசுத்துவிட்டுத் தபாலம்மா மெதுவாக இறங்கினார். ஓடக் கூடாது என்று அவருக்குத் தெரியும். கால் கேட்கவில்லை, ஒவ்வொரு படியாக அதைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது. பக்கத்தில் போய், அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த படியில் உட்கார்ந்தார்.

அவள் திரும்பவில்லை. "கிளாஸ்ல இருக்கச் சொன்னீங்க. இருக்கல. ஸாரி."

"பரவாயில்ல."

தபாலம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அதை மறைக்கவும் முடியவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு நேராக் கேக்கறேன். சாகணும்னு நினைக்கறியா?"

இவ்வளவு காலத்தில் யாரும் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அந்த அசையாத சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிவிட்டிருந்தது.

"ஆமா" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"தெரியல. நீங்க போனப்புறம் ஒரு நாள் ரொம்பக் கத்தணும் போல இருந்துச்சு. பேனாவ வச்சேன். அன்னிக்கு வேற டீச்சர். அவங்களுக்குத் தெரியல, பேனாவ எடுத்து உள்ள வைன்னு சொன்னாங்க. சரின்னு வாய மூடிட்டு உட்கார்ந்துட்டேன். எல்லாரும் சந்தோஷமாயிட்டாங்க." அவள் குரல் மட்டமாக, யாருடைய கதையையோ சொல்வதுபோல் இருந்தது. "அத்தை சிரிச்சாங்க. அப்பா போன்ல சிரிச்சாரு. ஹெட்மேடம் சிரிச்சாங்க. நான் கொஞ்சம் இல்லாமப் போனதுக்கே எல்லாருக்கும் இவ்வளவு நிம்மதின்னா..."

அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

தபாலம்மா அவள் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தார்.

"எனக்கு நிம்மதியா இல்ல" என்றார். "காலைல உன்னப் பாத்ததுலேர்ந்து எனக்கு வயித்தக் கலக்குது. நீ என்னை அக்கான்னு கூப்பிட்டப்பவே பயந்துட்டேன். நாற்காலியத் தூக்கி என் மேல எறிஞ்சிருந்தாக்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்."

அவள் முகம் கோணியது. சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். பிறகு சத்தமாக. ஏரியின் மறுகரையில் இருந்த பறவைகள் எழும்பிப் போகிற அளவுக்கு அழுதாள். தபாலம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சமாதானம் சொல்லவில்லை, பிடியையும் விடவில்லை. டாக்டரின் வண்டி வரும்வரை அப்படியே இருந்தார்கள்.

அன்றே அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அத்தை அவளுடைய கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தார். லாரியை எங்கோ நிறுத்திவிட்டு அப்பா மறுநாள் வந்தார். மகளின் தலையைத் தொடக் கையைக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் அவள் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் வீசி, எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினாள். நர்ஸ் பதறிப்போய் வந்தபோது, தபாலம்மா தரையைத் துடைத்துக்கொண்டே, "கத்தட்டும் சிஸ்டர், கத்தட்டும்" என்றார்.

பிறகு ஒரு கூட்டம் நடந்தது. தலைமையாசிரியையும் டாக்டரும் ஒரே அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"வரலைன்னு எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, டாக்டர்."

"அனுப்பறோம்னு நீங்களும் சொல்லலையே, மேடம்."

இரண்டு பேரும் பேசி ஓய்ந்து, தபாலம்மா பக்கம் திரும்பினார்கள். மேலிடத்திலிருந்து வந்திருந்த அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்: "லீவுல போகும்போது நீங்கதானேம்மா மாற்று ஏற்பாடு பண்ணியிருக்கணும்?"

தபாலம்மா சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. அன்று பேசினார். "நான் கேட்டேன் சார். பாக்கலாம்னு சொன்னது நீங்கதான். நான் ஒருத்தி விழுந்தா அந்தப் பொண்ணும் விழுவான்னா, அது ஏற்பாடே இல்ல. இந்த ரெண்டு பேரும் வாரத்துக்கு ஒரு தடவ போன்ல பேசிக்கிட்டா எனக்கு வேலையே இல்லாமப் போகும். போகட்டும்."

தலைமையாசிரியை கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் வாரந்தோறும் அந்தப் போன் நடக்கிறது. இரண்டாவதாக ஓர் ஆளைப் போடுவதைப் பற்றி அதிகாரி இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பெண் பள்ளிக்குத் திரும்பினாள். முழுக்கக் குணமாகிவிட்டாள் என்று டாக்டர் சொல்லவில்லை, தபாலம்மாவும் நம்பவில்லை. நல்ல மாதமும் மோசமான மாதமும் மாறி மாறி வந்தன. மோசமான நாட்களில் அவளே போன் செய்து, "இன்னிக்கு முடியல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அது போதும், தபாலம்மா கிளம்பிவிடுவார். அந்த வருஷம் முழுக்க அவர் போனைக் குளியலறைக்குள்ளும் எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் கணவர் கம்பை ஊன்றி வந்து அவருக்குத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, "மொதல்ல சாப்பிடு. சாப்பிட்டுட்டே போனப் பாரு" என்பார்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் அவளுடைய அம்மா வந்தாள். மகளை இனிமேல் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். பெண்ணும் போக ஆசைப்பட்டாள். தடுக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

புதுப் பள்ளி திறந்த வாரம், தபாலம்மா ஒரு நாள் சொந்த லீவு போட்டுப் பேருந்து ஏறி அந்த ஊருக்குப் போனார். அங்கும் ஒரு மருத்துவமனை இருந்தது, அதில் மனநலப் பிரிவும் இருந்தது. பள்ளிக்கு நேர் எதிரே, சாலையைக் கடந்தால் அதன் வாசல். ஆனாலும் இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் போனதே இல்லை. அங்கே இப்படி ஒரு வேலையும் இல்லை, அதைச் செய்ய ஆளும் இல்லை.

அவர் பள்ளித் தலைமையாசிரியரைக் கையோடு அழைத்துக்கொண்டு சாலையைக் கடந்து, மனநலப் பிரிவின் தலைமை நர்ஸ் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார். இருவரையும் ஒருவர் நம்பரை ஒருவர் போனில் பதிய வைத்தார். எதற்கெல்லாம் பயப்பட வேண்டும், எதற்கெல்லாம் பயப்பட வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னார். நர்ஸ் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டார். தலைமையாசிரியர், "கவலைப்படாதீங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று நடுவில் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

மத்தியான இடைவேளையில் அந்தப் பெண் வெளியே வந்தாள். கொஞ்சம் உயரமாகியிருந்தாள். "எதுக்கு இவ்வளவு தூரம்? என்னை நம்பலையா?" என்று முறைத்தாள்.

"உன்னை நம்பறேன். மத்தவங்களத்தான் பாத்துட்டுப் போக வந்தேன்."

அவள் சிரித்தாளா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மணி அடித்தது. அவள் கையை ஆட்டிவிட்டு மற்ற பிள்ளைகளோடு உள்ளே போய்விட்டாள்.

திரும்புகிற பேருந்து பள்ளி வாசல் வழியாகத்தான் போனது. தலைமையாசிரியர் கேட்டருகே நின்று வேறு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்தில் மருத்துவமனை வாசல். நடுவில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பேருந்து திரும்பும்வரை தபாலம்மா ஜன்னலில் கழுத்தை நீட்டி, யாராவது அந்தச் சாலையைக் கடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.